பெரித்: ஒரு சொல்லாய்வு

எபிரேய மறையில் உடன்படிக்கையைக் குறிக்கும் ‘பெரித்’ என்னும் சொல்லின் வேர் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தளை எனப் பொருள்படும் ‘பிரீத்து’ என்னும் அக்காதியச் சொல்லோடு சிலர் இயைப்பர். உண்டலைக் குறிக்கும் எபிரேய வினையோடு இயைப்பாரும் உளர்.

வேர் ஐயத்திற்கு இடனாயினும் வழக்குத் தெளிவு தருகின்றது. பெரித்தை ‘வெட்டுதல்’ என்பது எபிரேய மரபு. கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த செஃபிரே அரமேயக் கல்வெட்டு, கன்று வெட்டப்படுமாறுபோல ஒப்பந்தத்தை மீறும் அரசனும் வெட்டப்படுக என்கின்றது. எரேமியா 34-ஆம் அதிகாரமும், பிளந்த கன்றின் நடுவே கடந்து சூளுரைத்துப் பின் அதனை மீறினோரைக் கடிகின்றது. ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்திலோ, ஆபிராம் கடந்ததாகக் கூறப்படவில்லை. இறைவனைச் சுட்டும் தீயே கடக்கின்றது. எனவே, பெரித் என்பது இருவர் ஒத்து முடித்த உடன்பாடு மட்டுமன்று. ஒருவர் தம்மேல் தாமே ஏற்ற கடப்பாடும் ஆம்.