கன்னத்து மச்சமும் பாதத்துக் கறுப்பும்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருடைய மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாலும் அங்க அடையாளம் என்று ஒரு வரி இருக்கும். வலது கன்னத்தில் ஒரு மச்சம், கழுத்தின் பின்புறம் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. பிள்ளையை முன்னால் நிறுத்தி, கண்ணில் பட்டதை ஆசிரியர் எழுதிக்கொள்வார். செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கு என்று யாரும் கேட்பதில்லை. அடையாளத்துக்கு அது தேவையும் இல்லை. ஆனால் மச்சத்தைப் பற்றிய நம் கவனம் முழுவதும் அந்தச் சான்றிதழ் அளவிலேயே நின்றுவிட்டது. கன்னத்து மச்சம் கொஞ்சம் தடித்தால் வீட்டில் நாலு பேர் விசாரிக்கிறார்கள். குதிகாலில் ஒரு கறுப்பு படர்ந்தால், அது இருப்பதே காலுக்கு உரியவருக்குத் தெரிவதில்லை.

நம் நிறத்துத் தோலில், பயம் எழும் இடம் ஒன்றாகவும் பயப்பட வேண்டிய இடம் வேறொன்றாகவும் இருக்கிறது. காயம் பட்ட மச்சத்தைப் பற்றி நாம் செய்யும் தவறும் இரண்டு இடத்திலும் நேர் எதிராக இருக்கிறது. முகத்தில் பட்ட சின்னக் கீறலுக்கு நடுங்குகிறோம். பாதத்தில் ஆறாத புண்ணுக்கு ஏதோ ஒரு முள்ளின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறோம். திண்டுக்கல் டவுனையும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களையும் மனத்தில் வைத்து இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் முகம். மச்சம் என்பது தோலுக்கு நிறம் தரும் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்து நிற்பது. அது பிள்ளையோடு வளரும், கர்ப்ப காலத்தில் சற்று கறுக்கலாம், வயதாக ஆகத் தடித்து மேலெழும்பி நிறம் வெளுக்கும். அதிலிருந்து முடி முளைப்பதும் பெரும்பாலும் தீங்கில்லாத மச்சத்தின் குணந்தான். அந்த நிறச் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதே மெலனோமா என்ற புற்று. உலகத்திலேயே அது மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. வெளிர்த்தோல் மக்கள் கடும் வெயிலில் வாழும் ஊர் அது. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட இந்த நோய் வருவதில்லை. ஆகவே கண்ணாடியில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் கவலைப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்பதை முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

மச்சத்தைச் சோதிக்க இன்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கும் விதி, நியூயார்க் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 1985இல் வகுத்தது. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதிக்குப் பொருந்தாமை, ஓரம் பிசிறடித்திருத்தல், ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம் என நான்கு அடையாளங்களை அவர்கள் சொன்னார்கள். காலப்போக்கில் மாறிக்கொண்டே இருத்தல் என்ற ஐந்தாவது 2004இல் சேர்ந்தது. ஐந்தில் இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். முப்பது வருஷமாக ஒரே மாதிரி இருக்கும் பெரிய மச்சத்தைவிட, மூன்று மாதத்தில் மாறிய சின்ன மச்சம் மருத்துவரின் கண்ணுக்குப் போக வேண்டியது. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக முளைத்து வளர்கிற மச்சமும் அப்படியே. மெலனோமாக்களில் ஏறக்குறைய பத்தில் மூன்றுதான் பழைய மச்சத்திலிருந்து கிளம்புகின்றன. மற்றவை ஒன்றுமில்லாத தோலில் புதிதாகத் தோன்றுபவை.

முகத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. வெயிலில் உழைத்து வயதானவர்களின் மூக்கோரம், கண்ணுக்குக் கீழே, காதுக்கு முன்னால் கறுப்பாக ஒன்று தோன்றி, ஓரம் முத்துப்போல் மினுங்கி, நடுவில் பொருக்குக் கட்டி, உரிந்து ரத்தம் கசிந்து, மறுபடி பொருக்குக் கட்டும். வெள்ளைக்காரர்களுக்குச் சிவப்பாக வரும் பேசல் செல் புற்று நம் தோலில் கறுத்து வருவதால், வீட்டில் அதையும் மச்சம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். இது உடலின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். மச்சத்தின்மேல் பொருக்கு வந்து வந்து போகிறது என்றால் காட்டிவிடுவது நல்லது.

அடிபட்ட மச்சத்துக்கு வருவோம். சவரம் செய்யும்போது கத்தி பட்டது, தாலிக்கொடி உரசிக் கழுத்து மச்சம் கிள்ளுண்டது, பாவாடை நாடாவோ அரைஞாண் கயிறோ இடுப்பு மச்சத்தை அறுத்தது என்று யாராவது சொன்னால் உடனே, ‘மச்சத்துல காயம் படக்கூடாது, புத்தாயிடும்’ என்ற குரல் எழும். அது உண்மையில்லை. ஒரு தடவை கீறியதால் சாதாரண மச்சம் புற்றாக மாறிவிடாது. சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும், சோப்புத் தண்ணீரில் கழுவி மூடி வைத்தால் இரண்டு வாரத்தில் ஆறும். பிறகு பழைய மச்சம் பழைய மாதிரியே இருந்தால் கவலையில்லை. மூன்று வாரமாகியும் ஆறாவிட்டாலோ, ஆறிய பிறகு உருவமோ நிறமோ மாறியிருந்தாலோ, எதுவும் படாமலே ரத்தம் கசிந்தாலோ தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும். காயம் படாமல் வரும் ரத்தமே இவற்றில் பெரிய எச்சரிக்கை.

ஒரு தடவை படும் காயம் வேறு, வருஷக்கணக்கில் ஆறாமலே இருக்கும் புண் வேறு. நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் புண்ணாகி, அது ஆறாமலே கிடந்து, அங்கே தோல் புற்று வந்த பெண்களைப் பற்றி மகாராஷ்டிராவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024இல் எழுதினார்கள். அது மச்சத்திலிருந்து வந்ததல்ல, ஆறாத புண்ணிலிருந்து வந்தது. நாடாவை அகலமாகத் தைத்துக்கொள்வதும், கட்டும் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுவதும் செலவில்லாத காரியங்கள்.

காயத்தைவிட எனக்குக் கவலை தருவது, மச்சத்தை வேண்டுமென்றே அழிக்கும் வழக்கம். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைத்து வைப்பது, எருக்கம்பால் தடவுவது, தலைமுடியால் இறுக்கிக் கட்டி விழவைப்பது, பார்லரில் சுட்டுவிடுவது எல்லாம் நம்மூரில் நடக்கின்றன. கழுத்தில் தொங்கும் சின்ன மருவுக்குச் செய்வதை அப்படியே மச்சத்துக்கும் செய்கிறார்கள். தோல் வெந்து தழும்பாவது ஒரு கெடுதல். பெரிய கெடுதல், அழிந்துபோன மச்சத்தைப் பிறகு யாராலும் சோதிக்க முடியாது என்பது. அடியில் மிஞ்சிய செல்கள் தழும்புக்குள்ளிருந்து கோணல்மாணலாக மறுபடி கறுத்து எழும்பும்போது, அது நல்லதா கெட்டதா என்று பரிசோதனைக்கூடமே திணறும். அழகுக்காக எடுப்பது தவறல்ல. தோல் டாக்டரிடம் எடுக்க வேண்டும். சந்தேகம் துளியும் இருந்தால், எடுத்த சதையைக் குப்பையில் போடாமல் சோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

இனி பாதம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவைத் தனி வகையாகப் பிரித்து எழுதியவர் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ரீட், 1976இல். இந்த வகைக்கு வெயில் காரணமல்ல. கறுப்பு, வெளுப்பு என்ற வேறுபாடில்லாமல் எல்லா நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. வெள்ளையருக்கு முதுகிலும் முகத்திலும் கெண்டைக்காலிலும் வரும் மற்ற வகைகள் ஏராளம் என்பதால் அவர்கள் கணக்கில் இது சிறு பங்கு. நமக்கு அந்த மற்ற வகைகள் அபூர்வம். ஆகவே இந்திய மருத்துவமனைகள் பார்க்கும் தோல் மெலனோமாவில் பாதமே முன்னால் நிற்கிறது. வெயிலுக்குக் குடை பிடிக்கும் அறிவுரை குயின்ஸ்லாந்துக்குப் பொருந்தும். நமக்குப் பொருந்தும் அறிவுரை, காலைத் திருப்பிப் பார் என்பது.

பார்க்காமல் போவதற்கு இங்கே காரணங்கள் நிறைய. தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் பெரும்பாலோர் வெறுங்காலோடு நடப்பவர்கள். கொப்புளமும் ரத்தக்கட்டும் அவர்களுக்குச் சாதாரணம். நிலக்கோட்டைப் பக்கம் பூ பறிக்கிறவர்களுக்கும், வேடசந்தூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டில் நடக்கிறவர்களுக்கும் முள் குத்தாத மாதம் கிடையாது. சர்க்கரை உள்ளவருக்குக் காலில் புண் என்றால் சர்க்கரைப் புண் என்று முடிவாகிவிடும். காலாணி, பித்தவெடிப்பு, நகச்சுத்து என்று பாதத்து நோவுக்கெல்லாம் நம்மிடம் ஆயத்தமான பெயர்கள் இருக்கின்றன. மச்ச பலன் பார்க்கிறவர்களோ, பாதத்தில் மச்சம் வந்தால் தூரதேசப் பயணம் என்று சந்தோஷப்படுகிறார்கள். சில சமயம் இந்தப் புற்று கறுப்பே இல்லாமல் செஞ்சதையாக முளைக்கும். அப்போது யாருக்கும் மச்சம் என்ற நினைப்புகூட வராது. கடைசியில் அரையில் நெறி கட்டி, அது மாதக்கணக்கில் இறங்காமல் பெரிதாகும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார்கள். நெறி கட்டியது என்றால் புற்று காலைத் தாண்டிவிட்டது என்று பொருளாகலாம்.

இந்தத் தாமதத்துக்கு உலகம் அறிந்த சாட்சி ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி. கால்பந்து ஆட்டத்தில் கால் கட்டைவிரலில் பட்ட அடி என்று எண்ணப்பட்ட புண், 1977இல் நகத்தடி மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுத்துவிட மருத்துவர்கள் சொன்னதை அவருடைய சமய நம்பிக்கை ஏற்கவில்லை. நகத்தையும் அதன் அடித்தோலையும் மட்டும் நீக்கிக்கொண்டார். 1981 மே 11ஆம் தேதி 36 வயதில் இறந்தார். பந்து அடித்த அடி அந்தப் புற்றை உண்டாக்கியது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அடி செய்தது வேறு. ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்த ஒன்றுக்கு அது ஒரு சாக்காக அமைந்தது. நம் ஊர் முள்ளும் செருப்புக்கடியும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

அடியையும் புற்றையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். நகத்தடியில் ரத்தம் கட்டினால், நகம் வளர வளர அந்தக் கறுப்பும் நுனியை நோக்கி நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவே வளர்வதால் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அடிப்பக்கம் வெள்ளையாக நகம் தெரிந்தால் அது ரத்தக்கட்டு. நகராமல் அங்கேயே இருந்தால், அல்லது அகலமானால் காட்ட வேண்டும். நம் நிறத்தவருக்குப் பல நகங்களில் கறுப்புக் கோடு ஓடுவது இயல்பு. ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டைவிரலில், புதிதாக ஒரு கோடு வந்து அகன்றுகொண்டே போவது இயல்பல்ல. அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலிலும் படர்ந்தால் தாமதிக்கவே கூடாது. லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 1886இல் இதை எழுதியபோது, ஒருவகைக் கறுத்த நகச்சுத்து என்றே குறிப்பிட்டார். அன்றைக்கே அது நகச்சுத்தோடு குழம்பியிருக்கிறது.

உள்ளங்காலில் தோல் டாக்டர் கையடக்க உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பது ரேகைகளைத்தான். ஜப்பானில் தொஷியாகி சைதாவும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த அடையாளம் அது. ஒட்டன்சத்திரத்து வெங்காயப் பாத்திபோல் பாதத் தோலில் வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி ஓடுகின்றன. நல்ல மச்சத்தின் நிறம் வாய்க்காலில் ஓடும். மெலனோமாவின் நிறம் வரப்பின்மேல் ஏறி நிற்கும். வலியில்லாத இந்தச் சோதனைக்குச் சில நிமிஷம் போதும். ஊரில் இருக்கும் நமக்கோ, பிரிட்டனின் பாத மருத்துவர்கள் 2010இல் சொன்ன விதி உதவும். பாதத்தில் உள்ளது தோல் நிறத்துக்கு மாறான நிறம் கொண்டிருத்தல், இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாமை, ரத்தமோ நீரோ கசிதல், மருந்து போட்டும் பெரிதாதல், இரண்டு மாதமாகியும் ஆறாமை. இதில் இரண்டு இருந்தாலே மேல் மருத்துவரிடம் அனுப்பு என்கிறது அது. முகத்து மச்சத்துக்கான விதி உருவம் கோணிய மச்சத்தைத் தேடுகிறது. பாதத்து விதி ஆறாத புண்ணைத் தேடுகிறது. இரண்டு விதியும் உடலின் வேறு வேறு இடங்களுக்குப் பொருந்துபவை என்பது இங்கே புலப்படும்.

இரு இடத்துக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. அலெக்சாண்டர் பிரஸ்லோ 1970இல் காட்டியபடி, மெலனோமாவில் உயிரைத் தீர்மானிப்பது முதன்மையாக அதன் ஆழம். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். நாலு மில்லிமீட்டர் ஆழம் போன பிறகு அறுவையோடு முடிவதில்லை. நெறியைச் சோதிக்க வேண்டும், விலை கூடிய மருந்துகள் வேண்டும். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயத்தில் சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த மில்லிமீட்டர்களைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். சோதனைக்குச் சதை எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை.

2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. தோல் நோய்ப் பிரிவில் ஓபி சீட்டு வாங்கிக் காட்டலாம். மேல் சிகிச்சைக்கு மதுரை ராஜாஜி மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை புற்றுநோய் சிகிச்சைக்கும் செல்லும். ஆனால் மருத்துவமனை தூரத்தைவிட, காலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரமே இதில் பெரிது. எழுபது வயது அப்பத்தாவால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண்கள் வீடுவீடாகப் போகிறார்கள். மாத்திரை கொடுக்கும் கையோடு இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்த்துவிட அவர்களுக்கு அரசு பயிற்சி தர வேண்டும் என்பது என் விருப்பம். சர்க்கரைப் புண்ணுக்காகப் பார்க்கும் அதே பார்வையில் இதுவும் அகப்படும். அதுவரை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் செல்போனில் படம் எடுத்து, தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த வாரமே ஓபிக்குக் கூட்டிப்போகலாம். எப்போது வந்தது, எவ்வளவு வளர்ந்தது என்று டாக்டர் கேட்கும் கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லும்.