தனக்கே விற்கும் சுரங்கம்: நெய்வேலியின் பிரிவுவாரிக் கணக்கு

கோவைக்குத் தெற்கே மதுக்கரையில் 1934-இல் தொடங்கிய சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல்தான் உயிர். ஆனால் அதை நடத்தும் ஏ.சி.சி. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சுண்ணாம்புக்கல்லுக்கென்று தனி வருவாய்க் கணக்கு எதுவும் கிடையாது. சிமெண்ட், ரெடிமிக்ஸ் கான்கிரீட் என்ற இரண்டு பிரிவுகளே காட்டப்பட்டுவந்தன. வெட்டிய கல் சூளைக்குள் போய்விடுகிறது. அதற்கு விலை போடவேண்டிய அவசியம் யாருக்கும் எழவில்லை. நெய்வேலியின் நிலை வேறு. 1956-இல் பதிவான என்.எல்.சி. நிறுவனம் வெட்டும் பழுப்பு நிலக்கரியில் பெரும்பகுதி அதன் சொந்த அனல்மின் நிலையங்களில்தான் எரிகிறது. ஆனாலும் சுரங்கம், மின் உற்பத்தி என இரண்டுக்கும் தனித்தனியே வருவாயும் லாபமும் காட்டப்படுகின்றன. சுரங்கப் பிரிவின் லாபம் எதை அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சந்தையை அது அளக்கவில்லை என்பது என் வாதம்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு 2016-17 முதல் கட்டாயமான இந்தியக் கணக்கியல் தரம் 108, நிர்வாகத்தின் உச்சியில் முடிவெடுப்பவர் தொழிலை எப்படிப் பிரித்துப் பார்க்கிறாரோ அப்படியே வெளியாருக்கும் காட்டச் சொல்கிறது. இதன் மூலமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 8 வெளியானது 2006-இல். அதற்கு முந்தைய சர்வதேச விதி, வருவாயில் பெரும்பங்கை வெளியாரிடம் ஈட்டும் பிரிவை மட்டுமே தனித்துக் காட்டக் கட்டாயப்படுத்தியது. புதிய விதியில் அந்த வரம்பு இல்லை. எனவே தன் வீட்டுக்கே விற்கும் சுரங்கமும் தனிப் பிரிவாகலாம். இது நல்ல மாற்றம்தான். ஆனால் உள்விற்பனைக்கு எந்த அடிப்படையில் கணக்கு வைத்தோம் என்று சொன்னால் போதும், என்ன விலை என்று சொல்லவேண்டியதில்லை என்று விதி நின்றுகொண்டது.

நூற்பும் நெசவும் ஒரே நிறுவனத்தில் நடக்கும் கொங்கு மில்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நூலை நெசவுப் பிரிவுக்கு என்ன ரேட்டில் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பிரிவு லாபம் காட்டும், மற்றது நஷ்டம் காட்டும். மொத்தம் மாறாது. நூலுக்குச் சந்தை விலையும் உண்டு, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நெய்வேலியில் மொத்தமே மாறும். டன் ஒன்றுக்கு உற்பத்திச் செலவு 2,000 ரூபாய், உள்மாற்று விலை 2,400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சுரங்கத்துக்கு 400 ரூபாய் மிச்சம். விலையை 2,600 ஆக்கினால் மிச்சம் 600. மில் கணக்குப்படி பார்த்தால் மின் பிரிவில் 200 ரூபாய் குறையவேண்டும். ஆனால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணத்தில் எரிபொருள் செலவு மின் கட்டணத்தின் ஒரு பகுதியாக வாங்குபவரிடமே வசூலாகிறது. ஆகவே மின் பிரிவின் லாபம் ஏறக்குறைய அப்படியே நிற்க, கூடுதல் 200 ரூபாயைத் தமிழ்நாடு மின்வாரியமும் அண்டை மாநில வாரியங்களும் சுமக்கின்றன. கடைசியில் அது கோவைப் பீளமேட்டு மில்லின் கரண்ட் பில்லுக்கு வந்து சேர்கிறது. தொகுப்புக் கணக்கில் ‘பிரிவுகளுக்கிடையேயான விற்பனை’ என்று கழிக்கப்படுவது விற்பனைத் தொகை மட்டுமே. அந்த 200 ரூபாய் கழியாமல் லாபத்தில் தங்கிவிடுகிறது.

இந்த விலையை நிறுவனம் தன்னிஷ்டத்துக்கு வைத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிலக்கரி அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளின்படி கணக்கிட்ட விலையையே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெடுங்காலம் ஏற்றுவந்தது. 2021-இல் ஆணையம் தன் விதிகளைத் திருத்தி, மின் நிலையத்தோடு இணைந்த சுரங்கங்களின் எரிபொருள் விலையைத் தானே நிர்ணயிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இயக்கச் செலவு, தேய்மானம், வட்டி, மூலதனத்தின் மீதான ஈட்டம் எல்லாம் கூட்டி வரும் விலை இது. மேல்மண் அகற்றும் செலவும், நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைக்கும் செலவும் இதில் அடக்கம். ஆக, சுரங்கப் பிரிவின் லாபம் என்பது பெருமளவுக்கு அனுமதிக்கப்பட்ட ஈட்டம். அதைச் சந்தையில் சம்பாதித்த லாபம்போல மற்ற சுரங்க நிறுவனங்களோடு வரிசையில் வைத்து ஒப்பிடும் பங்குத் தரகர் அறிக்கைகள் தவறான அளவுகோலைக் கையில் எடுக்கின்றன.

ஒடிசாவில் என்.எல்.சி.யின் தலபிரா நிலக்கரிச் சுரங்கம் வந்தபின் முடிச்சு இன்னும் இறுகியது. தலபிரா நிலக்கரி தூத்துக்குடியில் உள்ள துணை நிறுவனமான என்.டி.பி.எல்.-க்குப் போகும்போது, தாய் நிறுவனத்தின் தனிநிலைக் கணக்கில் அது வெளிவிற்பனை. துணை நிறுவனங்களையும் சேர்த்த தொகுப்புக் கணக்கில் உள்விற்பனை. ஒரே நிலக்கரி, ஒரே ஆண்டறிக்கை, இரண்டு பெயர். விதிப்படி இரண்டுமே சரிதான். ஆனால் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்காதவருக்கு நிறுவனம் சந்தைக்கு நகர்ந்துவிட்டதாகவே தோன்றும்.

விலை விவரம் வணிக ரகசியம் என்ற மறுப்பு இங்கே எடுபடாது. தனக்கே விற்கும் சரக்குக்குப் போட்டியாளர் யார்? ஆணையத்தின் உத்தரவுகளும் பொதுவெளியில் கிடைக்கின்றன. உத்தரவையும் ஆண்டறிக்கையையும் அருகருகே வைத்துக் கணக்குப் போடும் பொறுமை ஆர்.எஸ்.புரத்து ஆடிட்டர் ஒருவருக்கு இருக்கலாம். சிறு முதலீட்டாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பிரிவுவாரிக் குறிப்பில் உள்விற்பனையான டன் எவ்வளவு, டன்னுக்கு என்ன விலை, அந்த விலை இறுதியானதா தற்காலிகமா என்று மூன்று வரிகள் சேர்த்தால் போதும். கணக்கியல் தரம் 108 இவற்றைக் கேட்கவில்லை. ஆனால் கூடுதலாகச் சொல்வதை அது தடுக்கவும் இல்லை. பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. இதைத் தானாகவே தொடங்கவேண்டும்.