மயிலம் முருகன் கோயில்

மயிலம், விழுப்புரம் மாவட்டத்தில் சிறு குன்றின்மேல் அமைந்த முருகன் தலம். புதுச்சேரிக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. இடையில் மாநில எல்லை இருந்தாலும், புதுச்சேரி மக்கள் இதைத் தங்கள் மலையாகவே கொண்டாடுகின்றனர்.

தல வரலாறு

போரில் தோற்ற சூரபத்மன் முருகனுக்கு வாகனமாக வேண்டினான். வராக நதிக்கரையில் மயில் வடிவில் மலையாகித் தவமிருந்தால் அது கைகூடும் என்றார் முருகன். அந்த மலையே மயிலம் என்பது ஐதிகம். கருவறையின் முன் மயில் வடக்கு நோக்கி நிற்பதற்கும் இத்தவமே காரணமாகச் சொல்லப்படுகிறது. வராக நதி எனப்படும் சங்கராபரணி, வில்லியனூர் வழியே ஓடிப் புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது.

பாலசித்தர்

சிவகணத் தலைவர் சங்குகன்னர் சாபத்தால் மண்ணில் பிறந்து, பாலசித்தராக இம்மலையில் தவம் செய்தார். முருகன் காட்சி தராததால், வள்ளியும் தெய்வானையும் சித்தருக்காகப் பரிந்து அவரிடமே வந்து தங்கினர். தேடிவந்த முருகன் சித்தரோடு போரிட்டு, அவரது ஆற்றலை அறிந்து, மணக்கோலத்தில் காட்சி தந்தார். மூலவர் இன்றும் அக்கோலத்திலேயே இரு தேவியருடன் விளங்குகிறார். பாலசித்தர் சன்னதியும் கோயிலுக்குள்ளேயே உள்ளது. சுவாமிக்கு நொச்சி மாலை சாற்றுவது இத்தலத்தின் தனி மரபு.

 

ஆதீனமும் தமிழும்

கோயிலைப் பேணுவது வீரசைவ மரபைச் சேர்ந்த பொம்மபுர ஆதீனம். 17ஆம் நூற்றாண்டுப் புலவர் துறைமங்கலம் சிவப்பிரகாசர், இவ்வாதீனத்துச் சிவஞான பாலய தேசிகரைப் பாட்டுடைத் தலைவராக்கித் தாலாட்டு, கலம்பகம் முதலிய நூல்களை இயற்றினார். புதுவையை அடுத்த நல்லாத்தூரில் மறைந்தார். ஆதீனத்தின் தமிழ்க் கல்லூரி 1938இல் மயிலத்தில் தொடங்கப்பட்டது.

விழாக்கள்

பங்குனி உத்திரப் பெருவிழாவில் தேரோட்டம் சிறப்பு. உழவர்கள் தம் நிலத்தில் விளைந்த தானியங்களைத் தேர்மீது வாரி இறைத்து நேர்த்திக்கடன் செலுத்துவர். மாசி மகத்தன்று மயிலம் முருகன் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். தீவனூர் விநாயகர், திண்டிவனம் நல்லியக்கோடன் நகர் சீனிவாசப் பெருமாள் உள்ளிட்ட பல ஊர்த் தெய்வங்களும் அங்கே அணிவகுப்பதால் கடற்கரை முழுதும் கூட்டம் நிறையும்.

செல்லும் வழி

புதுச்சேரியிலிருந்து சேதராப்பட்டு வழியாகச் செல்லலாம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வருவோர் கூட்டேரிப்பட்டில் பிரிய வேண்டும்.