கனடாவில் வழிகாட்டித் திட்டம்: வழிகாட்டுபவருக்கு என்ன கிடைக்கிறது?

பட்டமும் பல வருட அனுபவமும் இருந்தும் டொரண்டோவில் கிடங்கில் பெட்டி தூக்கும் பொறியாளர்களை நம்மில் பலருக்குத் தெரியும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றுத்தந்த அதே படிப்பு வேலை பெற்றுத்தருவதில்லை. "கனடா அனுபவம் உண்டா?" என்ற கேள்வியில் போய் முட்டிக்கொள்கிறது. வேலைக்கு இதைக் கட்டாய நிபந்தனையாக வைப்பது முதல் நோக்கிலேயே பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இல் அறிவித்தது. அந்த மாகாணத்தில் பொறியாளர் உரிமம் வழங்கும் அமைப்பு 2023இல் இந்த நிபந்தனையை நீக்கியது. விதி மாறினாலும் நேர்காணல் அறைக்குள் பழைய தயக்கம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

இதற்காகவே டொரண்டோ வட்டாரக் குடியேறியோர் வேலைவாய்ப்புக் குழு (சுருக்கமாக ட்ரையெக்) 2003இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழிகாட்டித் திட்டமும் வந்தது. புதிதாக வந்தவரை அதே தொழிலில் நிலைபெற்ற ஒருவருடன் சில மாதங்களுக்கு இணைத்துவிடுவார்கள். வழிகாட்டி சம்பளம் வாங்காத தன்னார்வலர். வேலை வாங்கித் தருவது அவர் பொறுப்பல்ல. மருத்துவர், தாதியர் போன்றோர் எழுதவேண்டிய உரிமத் தேர்வுக்கு இது மாற்றும் அல்ல.

சிறு விஷயங்களில்தான் உதவி பெரிது. ரெஸ்யூமேயில் புகைப்படம், தந்தை பெயர், திருமண விவரம், மதம் எதுவும் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நேர்காணலில் நம்மவர்கள் அடக்கத்தோடு "நாங்கள் செய்தோம்" என்பார்கள். கேட்பவருக்கோ அவர் தனியாக என்ன செய்தார் என்று தெரியவேண்டும். பணியிடத்தில் தொழுகைக்கு நேரம் கேட்கலாமா என்பதை நேர்காணலில் கேட்கத் தயங்குபவர் வழிகாட்டியிடம் கேட்டுவிடலாம். (கேட்கலாம். மத நம்பிக்கைக்கு இயன்றவரை இடமளிப்பது ஒன்ராறியோவில் முதலாளியின் சட்டக் கடமை.)

வழிகாட்டுபவருக்கும் இலாபம் உண்டு. தன் அலுவலகத்தின் எழுதப்படாத விதிகளை இன்னொருவருக்கு விளக்கும்போதுதான் அவருக்கே அவை தெளிவாகின்றன. பொறுமையாகக் கேட்பதும் புண்படாமல் குறை சொல்வதும் பழகுகிறது. நாளை ஒரு குழுவை நடத்த இவை வேண்டும். தன் தொழில் வேறு நாட்டில் எப்படி நடக்கிறது என்பதை அங்கே செய்தவரிடமே கேட்டறிகிறார். நல்ல ஆள் தேவைப்படும்போது நினைவுக்கு வர ஒருவர் இருக்கிறார். டொரண்டோ மாநகராட்சி தன் ஊழியர்களை வழிகாட்டிகளாக அனுப்புவதில் வியப்பில்லை.

ஊரிலிருந்து வருபவரை விமான நிலையத்தில் அழைத்து, அறை பிடித்துக் கொடுப்பதோடு நம் உதவி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கனடாவில் தன் துறையில் காலூன்றிய உறவினர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இத்திட்டத்தில் வழிகாட்டியாகப் பதிய அவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.