கிங் வீட்டுக்கு வந்துபோன போதகர்

நம் ஊரிலிருந்து திண்டுக்கல் போய், அங்கிருந்து மதுரை சாலையில் சின்னாளபட்டிப் பக்கம் போனால் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் தன் மனைவி கொரெட்டாவுடன் அங்கே வந்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். அவர்களுக்கு இந்தியா வரச்சொல்லி அழைப்பு அனுப்பியவர் ராமச்சந்திரன். அப்போது அவர் காந்தி ஸ்மாரக நிதியின் செயலாளர்.

கிங்கை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு 22 ஆண்டுகள் முன்பே காந்தியைச் சந்தித்துவிட்டுப் போன, கிங் குடும்பத்துக்கு மிக வேண்டிய ஒரு பாப்டிஸ்ட் போதகரை அவ்வளவாகத் தெரியாது. அவர் பெயர் பெஞ்சமின் மேஸ்.

மேஸின் அப்பா, அம்மா இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தென் கரோலினாவின் பருத்திக் காட்டில் வளர்ந்த மேஸ், படித்துப் போதகரானார். அட்லாண்டாவில் ஒரு பாப்டிஸ்ட் சபையை நடத்தினார். 1937 ஜனவரியில் மைசூரில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாட்டுக்காக இந்தியா வந்தவர், அந்தப் பயணத்திலேயே வார்தா சென்று காந்தியோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். அகிம்சையைப் பற்றி மட்டுமல்ல, சாதியைப் பற்றியும் கேட்டார்.

மைசூர் அருகே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்கு அவரை அழைத்திருந்தார்கள். தலைமையாசிரியர், 'இவரும் உங்களைப் போல ஒரு தீண்டத்தகாதவர், ஆனால் உயர்ந்த நிலைக்கு வந்திருக்கிறார்' என்ற பொருளில் அறிமுகம் செய்தார். மேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு யோசித்தார். தன் நாட்டில் தான் நுழையக் கூடாத ஓட்டல்கள், உட்காரக் கூடாத இருக்கைகள் எத்தனை! அவர் சொன்னதில் தவறில்லை என்று புரிந்தது.

1940-ல் மேஸ் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவரானார். கிங்கின் அப்பாவும் அதே ஊரில் போதகர், அதே கல்லூரியில் படித்தவர். 1944-ல் 15 வயதில் கிங் அங்கே சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை காலைகளில் மேஸ் மாணவர்களிடம் பேசுவார். பேச்சு முடிந்ததும் கிங் அவரைத் தேடிப் போய் கேள்வி கேட்பார், சில சமயம் மறுத்தும் பேசுவார். கிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் மேஸுக்கு இடம் உண்டு.

அந்தப் பழக்கத்தின் அருமை 1956 பிப்ரவரியில் தெரிந்தது. மாண்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. ஜனவரி இறுதியில் கிங் வீட்டில் குண்டு வீசினார்கள். உள்ளே இருந்த மனைவியும் கைக்குழந்தையும் தப்பித்தார்கள். அடுத்து வழக்கும் போட்டார்கள். வெளியூர் போயிருந்த கிங் அட்லாண்டா வந்தபோது, 'திரும்பிப் போகாதே' என்றார் அப்பா. தன் பேச்சு போதாதென்று ஊர்ப் பெரியவர்களை வீட்டுக்கு வரவழைத்தார். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வார். சிலர் அப்பாவின் பக்கம் பேசினார்கள். கூட வந்தவர்களைச் சிறையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஒளிந்திருக்க முடியாது என்றார் மகன். சொல்லிவிட்டு மேஸைப் பார்த்தார். மேஸ் மகனுக்காக வாதாடினார். அப்பா அழுதார். மறுநாள் மகனோடு அவரும் மாண்ட்கோமரிக்குப் புறப்பட்டார்.

கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தன்னையும் அதே சொல்லால் அறிமுகம் செய்தார்கள் என்று 1965-ல் அட்லாண்டா எபனேசர் தேவாலயப் பிரசங்கத்தில் சொன்னார். முதலில் அதிர்ந்து, பிறகு ஆமாம் என்று ஒப்புக்கொண்டாராம். மேஸ் வந்து சேர்ந்த அதே முடிவு.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது: யார் முதலில் போகிறாரோ, அவருக்கு மற்றவர் இரங்கல் உரை சொல்ல வேண்டும். முப்பது வயதுக்கு மேல் மூத்தவரான மேஸ், தன் முறைதான் முதலில் வரும் என்று நினைத்திருப்பார். 1968 ஏப்ரல் 9 அன்று, சுட்டுக் கொல்லப்பட்ட மாணவனுக்காக அவர்தான் பேச வேண்டியதாயிற்று. அதன் பிறகும் 16 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பெற்ற பாசத்துக்குப் பிள்ளையின் உயிர்தான் முதலில் கண்ணில் படும், அது குற்றமில்லை. பிள்ளையின் மனதைப் பார்த்துப் பேச வேறொரு பெரியவர் வேண்டியிருக்கிறது. முன்பு தெருவில் அப்படி ஒரு வாத்தியாரோ, மருத்துவரோ, போதகரோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ இருப்பார். அடுக்குமாடி வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் நமக்கு, எதிர் வீட்டில் யார் இருக்கிறார் என்பதே சில சமயம் தெரிவதில்லை. நம் வளாகத்திலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என்ன படிப்பது, எங்கே போவது என்று வீட்டாரோடு மல்லுக்கு நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் அந்தப் பெரியவர்களில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடலாம்.