நெதர்லாந்து மக்களின் உயரமும் சமூக மாற்றமும்

ஒரு நாட்டு மக்களின் சராசரி உயரம் தலைமுறைதோறும் கூடுவதையும் குறைவதையும் கொண்டு அவர்களுடைய உணவு, நோய், உழைப்பு, செல்வப் பங்கீடு ஆகியவற்றை ஆராயும் துறை உடலளவை வரலாறு எனப்படும். படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் அளவுகளை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் லூயி ரெனே வில்லெர்மே, வறுமை மிகுந்த பகுதிகளில் மக்கள் குள்ளமாகவும் தாமதமாக வளர்பவர்களாகவும் இருப்பதை 1829-இல் எடுத்துக்காட்டினார்.

இத்துறைக்கு நெதர்லாந்தைவிடத் தெளிவான சான்று அரிது. உருளைக்கிழங்கையே நம்பியிருந்த ஏழைகளை 1845-இல் பரவிய பயிர்நோய் வாட்டிய அக்காலத்தில், அந்நாட்டுப் படைக்கு அளவெடுக்கப்பட்ட இளைஞர்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 165 செ.மீ. மட்டுமே, அன்றைய அமெரிக்கர்கள் அவர்களைவிட உயரமானவர்கள். 1853-இல் ஆம்ஸ்டர்டாமுக்கு மணற்குன்றுகளில் வடிந்த நன்னீர் குழாய்வழி வந்தது. 1874-இல் தொழிற்சாலைகளில் சிறார் உழைப்பு தடைசெய்யப்பட்டது. பாலும் இறைச்சியும் படிப்படியாக எளியவர் வீடுகளையும் எட்டின. உயரம் கூட உதவிய இவற்றுள் தூய நீரின் பங்கு குறைத்து மதிப்பிடப்படுவதுண்டு. அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தை உண்ட சத்தைக் குடல் முழுமையாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதிலும் ஒரு பங்கு எலும்பு வளர்ச்சிக்குச் செல்லாமல் நோயை எதிர்ப்பதிலேயே செலவாகிவிடுகிறது. ஆதலால், உணவு கூடினாலும் நீர் மாசுபட்டிருந்தால் உயரம் கூடுவது கடினம்.

ஒரே சமூகத்துக்குள் ஒருவர் மற்றவரைவிட உயரமாயிருப்பதை மரபணுக்கள் பெரிதும் விளக்கும். ஆயினும், 1980-இல் பிறந்த நெதர்லாந்து ஆண்களின் சராசரி 183.9 செ.மீ.யை எட்டியதை, பழைய இளைஞர்கள் இருபது வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், மரபணு மட்டும் விளக்க இயலாது. செருமானிய ஆக்கிரமிப்பின்போது 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நாளுணவுப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே விழுந்தபோது, கருப்பத்தின் இறுதி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடை உடனே குறைந்ததும் இதற்குச் சான்றாகும்.

இந்த உயர வளர்ச்சி அண்மையில் நின்றுவிட்டது. 2001-இல் பிறந்த ஆண்களின் சராசரி 182.9 செ.மீ.; பெண்களின் சராசரி 1980-இல் பிறந்தோரின் 170.7 செ.மீ.யிலிருந்து 169.3 செ.மீ. ஆயிற்று. குடிபெயர்ந்து வந்தோரின் பிள்ளைகள் கூடியது ஒரு காரணம் எனினும், அப்பின்னணி இல்லாத பெண்களிடமும் இச்சரிவு காணப்படுவதால், உணவுமுறை மாற்றமும் உடல்வளர்ச்சியின் இயற்கை எல்லையும் காரணங்களாக ஆராயப்படுகின்றன. இச்சரிவுக்குப் பின்னரும், நெதர்லாந்து இளைஞர்களே உலகில் மிக உயரமானவர்கள்.