கிலுகிலுப்பையும் சிறுபறையும்

குழந்தையின் கையில் ஓசையெழுப்பும் பொருளை எதற்காகக் கொடுக்கிறோம்? இதற்கான பழைய விடைகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலின் எட்டாம் பகுதியில் பாராட்டும், தத்துவஞானி ஆர்க்கிட்டாசின் கிலுகிலுப்பை. மற்றொன்று, பாட்டுத் தலைவனைக் குழந்தையாகப் பாவித்துப் பருவம் பருவமாகப் பாடும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிறுபறைப் பருவம்.

அரிஸ்டாட்டில் சொல்வது வீட்டுக்காரரின் விடை. இளம் உயிர் சும்மா இராது. கையில் கிலுகிலுப்பை இருந்தால் வீட்டுச் சாமான்களாவது தப்பும். பிள்ளைத்தமிழ்ப் புலவரோ நேர் எதிர்த்திசையில் நிற்கிறார். சிறுபறை முழக்கி அருள்க என்று பாட்டுக்குப் பாட்டு இறைஞ்சுகிறார். அங்கே ஓசை பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளும் தொல்லை. இங்கே அவர்கள் வேண்டிப் பெறும் வரம்.

இவ்வளவு விலகி நிற்பவை எதிர்பாராத ஓரிடத்தில் உறவாகின்றன. சிறுபறையை ஒட்டி நிற்பது சிற்றில் பருவம். இரண்டில் எது முந்தும் என்பது நூலுக்கு நூல் மாறும். சிறுமியர் மணலில் கட்டிய வீடுகளை உதைத்துச் சிதைக்க வருகிறான் பிள்ளை; வேண்டாம் என்று அவர்கள் மன்றாடுகிறார்கள். சிதைப்பவனும் முழக்குபவனும் ஒருவனே. உடைக்கத் துடிக்கும் கைக்கும் கொட்டத் துடிக்கும் கைக்கும் ஊற்று ஒன்றுதான் என்பதைக் கிரேக்கரும் கண்டிருக்கிறார், தமிழ்ப் புலவரும் கண்டிருக்கிறார். முன்னவர் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைத் தடுக்கப் பார்த்தார். பின்னவர் இரண்டுக்கும் தனித்தனிப் பருவம் ஒதுக்கி, இரண்டையும் ரசித்தார். என் சாய்வு பின்னவர் பக்கம்தான்.

கையின் வேலையைப் பார்த்தால் வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. கிலுகிலுப்பை கேட்பது பிடியை மட்டுமே. தற்செயலாகக் கை ஆடினாலும் ஓசை வரும். அசைத்தது தானே என்று குழந்தை மெல்ல உணர்கிறது. பறை கேட்பது குறியை. கண் இடத்தைக் காட்ட வேண்டும், கை இறங்க வேண்டும், அடித்தவுடன் மீளவும் வேண்டும். கிலுகிலுப்பையைக் கீழே வைக்கும்போதுகூட அது கலகலக்கும். பறையோ அடிக்காதவரை வாய் திறவாது. ஆகவே தொடங்கக் கற்றுத்தருவதில் முன்னது கெட்டி, நிறுத்தக் கற்றுத்தருவதில் பின்னது கெட்டி. ஆசிரியர் கையுயர்த்தியதும் எல்லாரும் ஓசையை நிறுத்த வேண்டிய மழலையர் வகுப்பு விளையாட்டில் இந்த வேற்றுமையைக் கண்கூடாகக் காணலாம்.

பறைக்கு முன்னோடியும் உண்டு. பிள்ளைத்தமிழில் குழந்தையைக் கைகொட்டச் சொல்லும் சப்பாணிப் பருவம் அது; அதை ஒன்பதாம் மாதத்துக்கு உரியதாகச் சொல்வது மரபு. இரு உள்ளங்கைகளும் நடுவில் சந்திக்கும் கைத்தட்டலைக் குழந்தைநல மருத்துவர்களும் ஏறத்தாழ அந்த வயதில்தான் எதிர்பார்க்கிறார்கள்.

கிலுகிலுப்பையும் பறையுமான இணை இக்கால ஆய்வுகளிலும் தொடர்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமில்லாத ஒரு தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். சிலரை இரண்டடிக்கு ஒருமுறையும் சிலரை மூன்றடிக்கு ஒருமுறையும் தூக்கி அசைத்தார்கள். பிறகு, தாங்கள் அசைக்கப்பட்ட கணக்குக்குப் பொருந்தும் தாளத்தையே குழந்தைகள் விரும்பிக் கேட்டன. 2005இல் வெளிவந்த அந்த ஆய்வில் குழந்தையே கிலுகிலுப்பை. 2009இல் வெளிவந்த கிர்ஷ்னர், டொமசெல்லோ ஆய்வோ பறையின் பக்கம் நிற்கிறது. இரண்டரை முதல் நாலரை வயது வரையான குழந்தைகள் ஒலிபெருக்கியோடும் கொட்டினார்கள், பொறியோடும் கொட்டினார்கள், எதிரில் அமர்ந்த மனிதரோடும் கொட்டினார்கள். மனிதரோடு கொட்டியபோதுதான் தாளம் நன்றாகப் பொருந்தியது. கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் தம் வேலையைப் பார்க்கப் போகலாம். பறைக்கு எதிரில் ஒருவர் வேண்டும். பிள்ளைத்தமிழில் கேட்டபடி நிற்கும் புலவர் அந்த ஒருவர்தான் போலும்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். கிலுகிலுப்பை ஆண், பெண் பாராது; சிறுபறை பெண்பாற் பிள்ளைத்தமிழில் இல்லை. அம்மானை உண்டு, எறிந்து பிடிக்கும் அதிலும் கைக்குத் தாளப் பயிற்சி கிடைக்கும்தான். ஆனால் தெரு அதிரும் முழக்கம், பிள்ளைத்தமிழ் பெற்ற மதுரை மீனாட்சிக்கும் வாய்க்கவில்லை.

அரிஸ்டாட்டில் கைக்குழந்தையோடு நின்றுவிடவில்லை: வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்வியே கிலுகிலுப்பை என்று, இசைப் பயிற்சியைப் பற்றிய விவாதத்துக்குள் அதை இழுத்துவிடுகிறார். பிள்ளைத்தமிழில் அந்தத் தாவல் இல்லை. பறையை வைத்த பிள்ளை சிறுதேர் உருட்டப் போகிறான். பள்ளிக்கூடம் வருவதற்குள் நூல் முடிந்துவிடுகிறது.